ராமன் விளைவின் மறுபாதி: கே.எஸ். கிருஷ்ணன்

பிப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாள். அன்று சர் சி.வி. ராமனின் பெயரே எங்கும் ஒலிக்கும். ஆய்வு மேசையில் அவரோடு நின்ற கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணனை நினைப்பவர்கள் சிலரே.

1898-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்தார்.

1928 தொடக்கத்தில், தூசி நீக்கிய திரவங்களில் வடிகட்டிய சூரிய ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். சிதறிய ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வந்தது. எந்தப் பொருளில் சிதறுகிறதோ அதன் மூலக்கூறுக்கு ஏற்ப மாற்றமும் வேறுபடும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் புழங்கும் சில்லுகளின் சிலிக்கானைச் சோதிக்கவும் இதே முறை பயன்படக்கூடியதே. அன்றோ, மாற்றத்தை முதலில் கண்டது வெறும் கண்தான்!

'நேச்சர்' இதழின் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

அதற்குள் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தத்தன்மையை ஆராயத் தொடங்கியிருந்தார். அந்த ஆய்வுகள் அவருக்குத் தனிப்பெயர் தந்தன. 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இத்தனைக்கும் நடுவே தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961-இல் மறைந்தார்.