பகை நடுவே ஒரு குருவானவர்

நெடுந்தீவு இன்றும் 'டெல்வ்ற்' என ஒல்லாந்து நகரொன்றின் பெயரைச் சுமந்து நிற்பதைத் தாங்கள் அறிவீர்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் நயினாதீவுக்கும் 'ஹார்லெம்' என்று பெயரிட்டனர். அத்தீவின் அம்மன் கோயிலைப் போர்த்துக்கீசர் முன்னரே இடித்திருந்தனர். இதை நாம் மறைத்தலாகாது. பின்பு ஒல்லாந்தர் நம் ஆலயங்களைப் பறித்துத் திருப்பலியையும் தடைசெய்தனர். இடித்தவரும் பறித்தவரும் கிறிஸ்துவின் பெயரையே சொன்னார்கள். இப்பகை அவர்களுடன் பிறந்ததா? ஐரோப்பாவில் கற்று, கப்பலேற்றிக் கொணர்ந்தார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

அந்நாளில், 1687இல், கோவாவில் பிறந்த குருவானவர் யோசேப் வாஸ் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். செபமாலையைக் கழுத்திலிட்டு, பிச்சையெடுப்பவராய் வீடுவீடாகச் சென்றார். அதைக் கண்டு கண்கலங்கியவர்களே அவர் தேடிய கத்தோலிக்கர். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் தந்தனர். 1689ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஒல்லாந்தர் வளைத்தபோது ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். சிலர் கசையடி பட்டனர். குருவானவர் தப்பினார்.

தம் மந்தை அடிபட்டதைக் கண்டவர் வெறுக்கக் கற்றிருந்தால் வியப்பில்லை. கண்டியிலோ, கல்வின் மதத்தவர் ஒருவரின் சொல்லால் போர்த்துக்கீச ஒற்றர் எனச் சிறையும் கண்டார். ஆயினும் 1697இல் அந்நகரைப் பெரியம்மை தாக்க, உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினார்கள். வாஸ் அடிகளார் குடிசை அமைத்து, சமயம் கேளாது அவர்களின் புண்களைக் கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார்.