பள்ளிக்குத் தாதியை அனுப்பியவர்

தலையில் புண் இருந்ததால் அந்தச் சிறுவனைப் பள்ளி சேர்க்கவில்லை. 12 வயதாகியும் அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பில் அவனைக் கண்ட தாதி லில்லியன் வால்ட், மருந்து தடவிப் புண்ணை ஆற்றினார். அவனுக்குப் பள்ளிக் கதவு திறந்தது.

1867இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்த வால்ட், 1891இல் தாதிமைப் பயிற்சியை முடித்தார். 1893 முதல் ஏழைகளின் நடுவிலேயே குடியிருந்து, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனித்தார்.

அக்காலத்தில் நியூயார்க் பள்ளிகளுக்கு மருத்துவர்கள் வந்தார்கள். கண்நோய், சொறி, பேன் உள்ள பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் குணப்படுத்த யாரும் இல்லை. வகுப்பறைகள் காலியாயின.

1902இல் வால்ட் தம் தாதியரில் ஒருவரான லீனா ரோஜர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். ரோஜர்ஸ் பள்ளியிலேயே சிகிச்சை அளித்தார். வீடுகளுக்கும் சென்று பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார். பலன் தெரிந்ததும் நகர நிர்வாகமே பள்ளித் தாதியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோயால் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். அடுத்த செப்டம்பரில் 1,101 பேர் மட்டுமே.

வால்ட் 1940இல் மறைந்தார். மாணவர்களே, கெலாங் பாத்தாவில் உங்கள் பள்ளிக்குத் தாதியர் குழு வரும்போது ஊசிக்குப் பயந்து ஒளியாதீர்கள். நீங்கள் ஒரு நாள் பாடத்தையும் இழக்கக்கூடாது என்பதற்காகவே அவர்கள் வருகிறார்கள்.