படைப்பொறியாளர் சார்லஸ் ரெனார்டு

1870 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் பிரஷ்யாவும் அதனோடு சேர்ந்த ஜெர்மானிய நாடுகளும் பாரிஸ் மாநகரை முற்றுகையிட்டன. சாலைகள் அடைபட்டன; இருப்புப்பாதைகள் துண்டிக்கப்பட்டன. நகர மக்களுக்கு எஞ்சிய வழி வானம் ஒன்றே. நிலக்கரி வாயு நிரப்பிய பலூன்களில் கடிதங்களையும் ஆட்களையும் ஏற்றி அவர்கள் வெளியே அனுப்பினர். அமைச்சராக இருந்த காம்பெட்டா என்பவரும் அக்டோபர் 7 ஆம் நாள் இவ்வாறே பகைவர் தலைக்கு மேலாகப் பறந்து தப்பினார். நான்கு திங்களில் 60 க்கு மேற்பட்ட பலூன்கள் சென்றன. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் பாரிசுக்கு மீண்டு வரவில்லை. காற்று அடித்த பக்கமெல்லாம் அலையும் எருக்கம்பஞ்சு போன்றவை அவை. ஒன்று கடலைக் கடந்து நார்வே நாட்டுப் பனிமலையில் போய் இறங்கியது! கடிதங்களுக்கு மறுமொழி கொண்டு வந்தவை புறாக்களே.

சென்ற இடத்திலிருந்து மீளும் வித்தையை மனிதனுக்குத் தேடித் தந்தவர்களுள் தலையாயவர் சார்லஸ் ரெனார்டு. இவர் பிரான்சு நாட்டில் வோஷ் மாவட்டத்துத் தாம்பிளேன் என்னும் சிற்றூரில் 1847 இல் பிறந்தார். பாலிடெக்னிக் என்னும் பெயர்பெற்ற கல்லூரியில் 1866 இல் சேர்ந்து கணிதமும் இயற்பியலும் பயின்றார். பின்னர்ப் படையின் பொறியாளர் பிரிவில் அலுவலரானார். மேற்கூறிய போரிலும் பங்கு கொண்டார். போர் முடிந்தபின் 1873 இல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து இறக்கைகளை அடுக்கிய ஒரு பொறியைச் செய்து, அரா நகருக்கு அண்மையிலுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து பறக்கவிட்டார். அதில் ஆள் எவரும் ஏறவில்லை.

பாரிசுக்கு அருகில் மெதோன் என்னும் ஊர் உளது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 இல், படைவீரர்க்குப் பலூன் விடும் கலையைக் கற்பித்த பள்ளி அங்கேதான் நடந்தது. நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அவ்விடத்தில் 1877 இல் படைத்துறையின் ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பெற்றது. ரெனார்டு அதனை நடத்தும் பொறுப்பேற்றார். வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் அங்கேயே கழிந்தது. அங்கே ஆராய்ச்சியோடு பயிற்சியும் நடந்தது. பலூன்களைக் கையாளும் வீரர்களும் அலுவலர்களும் அவரிடம் தொழில் கற்றுச் சென்றனர். 1878 இல் பாரிசில் நடந்த உலகப் பொருட்காட்சியின் இரும்புச் சட்டங்களைக் கொணர்ந்து ஒரு பெரிய கொட்டகையும் எழுப்பினர்.

பொறுப்பேற்றவுடன் அவர் கண்ணில் பட்டது ஓர் எளிய பொருள், அதுதான் கயிறு. பலூன்களைக் கட்டுவதற்குப் படையினர் 425 வகை அளவுள்ள கயிறுகளை வைத்திருந்தனர். இத்தனையும் வேண்டுமா என்று அவர் எண்ணிப் பார்த்தார். மெல்லிய கயிற்றில் சிறு வேறுபாடும் பெரிது. பருத்த கயிற்றில் அதே வேறுபாடு ஒரு பொருட்டன்று. ஆகவே அளவுகள் கூட்டல் முறையில் வளராமல் பெருக்கல் முறையில் வளரவேண்டும் என்று கண்டார். 10 இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் 1.585 ஆல் பெருக்கி, விடையை முழு எண்ணாக்கிப் பாருங்கள். 16, 25, 40, 63 என வளர்ந்து ஐந்தாம் படியில் 100 வந்து நிற்கும். இம்முறையால் 425 வகைகள் 17 ஆகக் குறைந்தன. மாணவர்கள் கணக்குப் பாடத்தில் பெருக்குத் தொடரை வெறுத்து ஒதுக்குவதை யான் பலகாலும் கண்டதுண்டு. ஒரு படையின் பண்டசாலையையே அது ஒழுங்குபடுத்திற்று என்பதை அவர்கட்கு யாரும் சொல்வதில்லை போலும்!

இனி ஆகாயக் கப்பலின் வரலாற்றுக்கு வருவோம். பலூனுக்குச் சுக்கான் வைத்தால் மட்டும் திருப்ப இயலாது. ஆற்று வெள்ளத்தோடு செல்லும் துடுப்பில்லாத ஓடம் போல, அது காற்றோடு காற்றாய்ச் செல்வது. தனக்கென ஒரு வேகம் இருந்தாலன்றிச் சுக்கானுக்கு வேலையில்லை. வேகத்திற்கு எந்திரம் வேண்டும், எந்திரமோ கனமுள்ளது. 1852 இல் ஜிப்பார் என்பவர் நீராவி எந்திரத்தை ஏற்றிப் பறந்தார். எனினும் எதிர்க்காற்றை வென்று மீள முடியவில்லை. ரெனார்டு மின்சார மோட்டாரைத் தேர்ந்தார். அதற்கு மின்சாரம் தரும் இலேசான கலங்களைத் தாமே ஆராய்ந்து அமைத்தார். அவ்வாறிருந்தும் அவற்றின் எடை 435 கிலோகிராம்! கிரெப்ஸ் என்னும் காப்டன் அவருக்கு உற்ற துணையாயினார். 50 மீட்டருக்கு மேல் நீண்ட அக்கப்பலுக்கு லா பிரான்ஸ் என்று நாட்டின் பெயரையே இட்டனர்.

1884 ஆகஸ்டு 9 ஆம் நாள் காற்று அடங்கியிருந்தது. மாலை 4 மணியளவில் இருவரும் ஏறினர். கப்பல் எழுந்து, மரங்களைக் கடந்து, வில்லக்குப்ளே என்னும் ஊர்ப்பக்கம் சென்றது. அங்கே சுக்கானைத் திருப்பினர். கப்பல் மெல்ல வளைந்தது. முகம் மெதோனை நோக்கியது. 23 நிமிடங்களில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் சுற்றிப் புறப்பட்ட இடத்திலேயே வந்து இறங்கியது. மனிதன் வானிற் சென்று, தான் விரும்பியவாறு திரும்பி, புறப்பட்ட இடத்திற்கே மீண்டது அன்றுதான் முதன்முறை.

அடுத்த திங்களில் இரண்டாம் முறை பறந்தபோது மோட்டார் பழுதுற்றது. வேற்றிடத்தில் இறங்க நேர்ந்தது. 1885 வரை ஏழு முறை பறந்ததில் ஐந்து முறை மீண்டது. மீளாத இரண்டு முறைகளே ரெனார்டுக்கு நல்லாசிரியர் ஆயின. காற்று சற்று வலுத்தால் அவருடைய கப்பல் ஆற்றாது. கலங்களும் விரைவில் ஓய்ந்துவிடும். இலேசான எந்திரம் கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பொறுத்திருந்தார். பெட்ரோல் எந்திரம் வந்தபின், காற்றினும் கனமான பொறியையும் அதனைக்கொண்டு வானில் நிறுத்தலாம் என்று 1903 இல் விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அவ்வாண்டு டிசம்பரிலேயே அமெரிக்காவில் ரைட் உடன்பிறந்தார் விமானத்தில் பறந்தனர். எந்திரம் வலிதானாலும், ஒரு வரம்புக்கு மேல் வேகம் மிகுமாயின் ஆகாயக் கப்பல் தானே நெறி பிறழும். ஆதலால் அதன் பின்புறத்தே நிலைப்படுத்தும் சிறகுகள் வேண்டும் என்பதையும் அவர் 1904 இல் விளக்கினார்.

கர்னல் பதவியை அடைந்திருந்த ரெனார்டு 1905 ஏப்ரல் 13 ஆம் நாள், தம் 57 ஆம் வயதில், மெதோனிலேயே காலமானார். கயிறுகளுக்காக அவர் வகுத்த எண்தொடரை 1952 இல் உலக நாடுகளின் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்டது. அதன் ஒவ்வொரு வரிசையும் அவர் பெயரின் முதலெழுத்தால் குறிக்கப்பெறுகிறது. லா பிரான்ஸ் புறப்பட்ட அந்த இரும்புக் கொட்டகையும் மெதோனில் இன்றும் நிற்கிறது.