டாக்டர்களை உருவாக்கிய ஐடா அம்மா

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தெரியாதவங்க நம்மில் யாரும் இல்லை. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண்.

இளம் வயதில் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துட்டாங்க. அதனால்தான் ஐடா டாக்டருக்குப் படித்தார்.

1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். ஒரு டாக்டர் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? அதனால் 1909-ல் நர்ஸ் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். 1922-ல் முதல் அணியில் 14 பெண்கள் படித்து முடித்தார்கள். பிறகு பட்டப்படிப்பு வேணும்னு அரசு சொன்னபோது, 70 வயதைத் தாண்டியும் அமெரிக்கா போய் நிதி திரட்டினார். 1942-ல் பட்டப்படிப்பு வந்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் அங்கே தலைமை ஏற்றார். ஐடா 1960-ல் மறைந்தார். ஆஸ்பத்திரி நிற்கவில்லை.

எங்க குழுவின் கணக்கு நோட்டை ஆறு வருஷமா நான் ஒருத்தியே எழுதறேன். இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மாசத்திலிருந்து இன்னொருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கப் போறேன்.