பருத்திக்காட்டிலிருந்து வந்த மின்னொலி

1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இங்கிலாந்தின் இசை மேடைகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஒருவர் தோன்றினார். அவரைக் கேட்க வந்தவர்களில் பலர் ஜாஸ், ப்ளூஸ் இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேகரித்தவர்கள். மிசிசிப்பியின் பருத்திக்காட்டிலிருந்து நேரே வந்த எளிய உழவர் ஒருவர் மரக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தன் துயரத்தைப் பாடுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தார்கள். வந்தவரோ கோட்டு சூட்டில் இருந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரை ஒலிபெருக்கியோடு இணைத்து அரங்கம் அதிர வாசித்தார். விமர்சகர்கள் சிலருக்கு அது வெறும் கூச்சலாகப் பட்டது. நாட்டார் கலையின் தூய்மை கெட்டுவிட்டதாகவே அவர்கள் கருதினர்.

அந்தப் பாடகர் மட்டி வாட்டர்ஸ். எலெக்ட்ரிக் ப்ளூஸ் என்று இன்று நாம் அழைக்கும் இசைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். அவர் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை அவரைத் தவிர மற்ற எல்லோரும் முடிவு செய்ய முயன்றார்கள். அவர் வாழ்க்கையைப் படிக்கும்போது மீண்டும் மீண்டும் கண்ணில் படுவது இதுதான்.

இயற்பெயர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். பிறந்தது 1913-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 என்று ஆவணங்கள் சொல்கின்றன. அவரோ 1915 என்றே சொல்லி வந்தார். தாய் இளம் வயதிலேயே இறந்துவிட, பாட்டி டெல்லா கிராண்ட்தான் வளர்த்தார். சேற்றில் புரண்டு விளையாடிய பேரனுக்குச் சேற்றைக் குறிக்கும் 'மட்டி' என்ற செல்லப்பெயரை வைத்தவரும் அவரே. கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலிருந்த ஸ்டோவால் பண்ணையில் வாரத்துக்குப் பயிரிடும் குடும்பங்களுள் ஒன்று அவர்களுடையது. நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். நமக்கும் பழக்கமான கணக்குதான்.

பள்ளிப்படிப்பு பெயரளவுக்குத்தான். எழுதப் படிக்க அவர் கடைசிவரை தடுமாறினார். பிற்காலத்தில் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டபோது இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. முதலில் மௌத் ஆர்கன், பதினேழு வயதில் கிட்டார். அக்கம்பக்கத்தில் பாடிய சன் ஹவுஸ் என்பவரே அவருடைய ஆதர்சம். உடைந்த பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு, தந்தியின் மேல் வழுக்கி, மனிதக் குரலைப் போல அழவைக்கும் உத்தியை அவரிடமிருந்தே கற்றார். பகலில் பண்ணை வேலை. வார இறுதியில் தன் குடிசையிலேயே ஆட்டமும் பாட்டும், கூடவே கள்ளச்சாராய விற்பனையும்.

எனவேதான் 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு வெள்ளையர் தன்னைத் தேடுகிறார் என்று கேட்டதும், சாராயம் பிடிக்க வந்த அரசு ஆள் என்று அஞ்சினார். வந்தவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸ். உடன் வந்தவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பின இசை அறிஞர் ஜான் வொர்க். வரலாறு லோமாக்ஸின் பெயரை மட்டும் உரக்கச் சொல்லி, வொர்க்கின் பெயரை நெடுங்காலம் அடிக்குறிப்பில் வைத்திருந்தது தனிக்கதை. குடிசையிலேயே பதிவு நடந்தது. தன் குரலைத் தானே கேட்டபோது, தானும் இசைத்தட்டில் பாடுகிறவர்களுக்கு இணையானவன்தான் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. பின்னர் இரண்டு தட்டுகளும் இருபது டாலருக்கான காசோலையும் அஞ்சலில் வந்தன. ஒரு தட்டை ஜூக்பாக்ஸில் போட்டு, தன் பாட்டைத் தானே கேட்டு மகிழ்ந்தார். அன்று பதிவானவை பிற்காலத்தில் ஆல்பமாகவும் வெளிவந்தன. அவருடைய வேரை அறிய விரும்புவோர் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.

1943-இல் மணிக்கூலியில் சில காசுகளைக் கூட்டிக் கேட்டார். கண்காணி மறுத்தார். சில நாள்களில் அவர் சிகாகோ ரயிலில் இருந்தார். தெற்கின் பருத்தி மாநிலங்களிலிருந்து வடக்கின் தொழில் நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் பெயர்ந்த காலம் அது. அடுத்த ஆண்டே கிளார்க்ஸ்டேலுக்கு அருகிலுள்ள ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பொதுமக்கள் பார்க்க ஓட்டிக் காட்டப்பட்டன. அவர் போகாமல் இருந்திருந்தாலும், பண்ணை அவரை வைத்திருக்கப்போவதில்லை.

சிகாகோவில் பகலில் தொழிற்சாலை வேலை, பிறகு லாரி ஓட்டும் வேலை. இரவில் கறுப்பினத்தவர் வாழ்ந்த தென்பகுதி மதுக்கூடங்களில் பாட்டு. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பண்ணைக் குடிசையில் முற்றம் முழுக்கக் கேட்ட மரக் கிட்டார், கோப்பைகளின் ஓசையிலும் குடித்தவர்களின் பேச்சிலும் கரைந்துபோயிற்று. அவருக்கு ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கிடைத்தது. அதை ஒலிபெருக்கியில் மாட்டினார். ஏதோ கலைப்புரட்சி செய்யும் எண்ணம் இல்லை. பாடுவது காதில் விழவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மின்சாரம் ஒலியைப் பெருக்கியதோடு நிற்கவில்லை. விரல் வழுக்கும்போது எழும் சிறு நடுக்கம்கூடப் பெரிதாகக் கேட்டது. ஒரு சுரம் நீண்டு நின்று உறுமியது. ஊரை விட்டு வந்து, தொழிற்சாலை இரைச்சலில் பகலைக் கழித்த மக்களுக்கு அந்த ஒலி அந்நியமாகப் படவில்லை. அது ஊர்ப் பாட்டாகவும் இருந்தது, அவர்கள் வாழ்ந்த நகரத்தின் பாட்டாகவும் இருந்தது.

1948-இல் அரிஸ்டோக்ராட் என்ற சிறு நிறுவனத்துக்காக 'ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைடு' என்ற பாடலைப் பதிவு செய்தார். ஏழாண்டுகளுக்கு முன் குடிசையில் லோமாக்ஸுக்குப் பாடிய பாட்டின் மறுவடிவமே அது. எலெக்ட்ரிக் கிட்டாரும் ஒரு பேஸ் வாத்தியமும் மட்டுமே துணை. நிறுவனத்தின் பங்குதாரரான லியோனார்ட் செஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதர். பாட்டின் சொற்கள் அவருக்கு விளங்கவில்லை. இது விற்குமா என்று ஐயப்பட்டார். மற்றொரு பங்குதாரரான ஈவ்லின் ஆரன் என்ற பெண்மணியே பாட்டின் பக்கம் நின்றவர். தட்டுகள் கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தன. ஆளுக்கு இத்தனைதான் என்று கடைக்காரர்கள் அளந்து கொடுக்க, பாடியவரே தன் தட்டை வாங்கச் சிரமப்பட்டார். 1950-இல் அந்த நிறுவனம் செஸ் ரெக்கார்ட்ஸ் ஆயிற்று.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் அமைத்த குழுதான் அவருடைய மாபெரும் சாதனை என்பேன். இரண்டாம் கிட்டாரில் ஜிம்மி ரோஜர்ஸ், பியானோவில் ஓடிஸ் ஸ்பான், மௌத் ஆர்கனில் லிட்டில் வால்டர். வால்டர் மைக்கையும் மௌத் ஆர்கனையும் ஒரே கைக்குள் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கி வழியே ஊதினார். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்னஞ்சிறு கருவி சாக்ஸபோன் போல முழங்கியது. வில்லி டிக்சன் எழுதிக் கொடுத்த 'ஹூச்சி கூச்சி மேன்' 1954-இல் வந்தது. சிறிது வாசித்து நிறுத்துவது, அந்த மௌனத்தில் ஒரு வரி பாடுவது, மீண்டும் வாசிப்பது என்னும் அமைப்பு அதில் உண்டு. பிற்காலத்து ராக் இசையில் பாதி அந்த மௌனத்துக்குக் கடன்பட்டது. இப்பாடல்களில் பன்னிரண்டைத் தொகுத்து 1958-இல் வெளியான 'தி பெஸ்ட் ஆஃப் மட்டி வாட்டர்ஸ்' என்ற ஆல்பத்தையே புதிதாகக் கேட்பவருக்குப் பரிந்துரைப்பேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் தூசு படியவில்லை.

1960 ஜூலை 3 அன்று நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர் பாடினார். முந்தைய நாள் உள்ளே நுழைய முடியாத கூட்டம் கலவரத்தில் இறங்கியதால் எஞ்சிய விழாவை நகர நிர்வாகம் ரத்து செய்திருந்தது. அந்தப் பிற்பகல் ப்ளூஸ் நிகழ்ச்சியே கடைசி. எதிரே பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள். 'காட் மை மோஜோ வொர்க்கிங்' பாடலின்போது அரங்கமே எழுந்து ஆட, மேடையில் அவரும் ஆடினார். விழாவுக்கு விடைகொடுக்கும் பாடல் ஒன்றைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே எழுதிக் கொடுக்க, ஓடிஸ் ஸ்பான் பாடினார். 'அட் நியூபோர்ட் 1960' ஆல்பத்தில் இவை அனைத்தும் உள்ளன. மேடைப் பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே.

இதன் பிறகுதான் வேடிக்கை. இங்கிலாந்து விமர்சகர்களின் முகச்சுளிப்பை மறவாத அவர், 1963-இல் மீண்டும் அங்கே போனபோது மரக் கிட்டாரோடு போனார். இதற்குள் அங்கே ஒரு புதிய தலைமுறை எலெக்ட்ரிக் கிட்டாரோடு கிளம்பியிருந்தது. அவருடைய பாடல் தலைப்பு ஒன்றிலிருந்தே பெயரெடுத்துக்கொண்ட ரோலிங் ஸ்டோன்ஸ் அவர்களுள் அடக்கம். அந்தத் தலைமுறை மின்னொலியை எதிர்பார்த்து ஏமாந்தது. அமெரிக்காவிலோ நாட்டார் இசை மோகம் உச்சத்தில் இருந்ததால், 1964-இல் செஸ் நிறுவனம் அவரை ஒலிபெருக்கியின்றிப் பாடவைத்து 'ஃபோக் சிங்கர்' என்ற தலைப்பில் ஆல்பம் வெளியிட்டது. நகரத்தின் பேரொலியை உருவாக்கியவருக்கு நாட்டார் பாடகர் என்று பெயர்ப்பலகை! தலைப்பை மறந்துவிட்டுக் கேட்டால் அற்புதமான ஆல்பம். இளம் பட்டி கய் துணைக் கிட்டார் வாசிக்க, அவருடைய மூச்சுக்கூட அறைக்குள் கேட்கிறது.

அதற்குள் கறுப்பின இளைஞர்கள் சோல் இசையின் பக்கம் போய்விட்டார்கள். ப்ளூஸ் அவர்களுக்குப் பெற்றோரின் பருத்திக்காட்டை நினைவூட்டிய இசை. சோல் அவர்களுடைய காலத்தின் குரல். செஸ் நிறுவனம் 1966-இல் அவருடைய குரலோடு பித்தளை ஊதுகருவிகளைச் சேர்த்து, சோல் சாயம் பூசிய ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. எடுபடவில்லை. 1968-இல் லியோனார்டின் மகன் மார்ஷல் செஸ், ஹிப்பி இளைஞர்களை எண்ணி 'எலெக்ட்ரிக் மட்' என்ற ஆல்பத்தைத் தயாரித்தார். கிட்டார்கள் ஓலமிட்டன. நன்றாகவே விற்றது, விமர்சகர்கள் வசைபாடினர், பாடியவருக்கும் அதில் மனநிறைவு இல்லை. பிற்கால ராப் இசைஞர்கள் அதைக் கொண்டாடியதுண்டு. தவிர்க்க வேண்டிய ஆல்பம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் அவர் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தவர்போல் இருக்கிறார்.

சோலும் ப்ளூஸும் இயல்பாகக் கைகோத்தது 1969-இன் 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' ஆல்பத்தில். பால் பட்டர்ஃபீல்ட், மைக் ப்ளூம்ஃபீல்ட் என்ற வெள்ளைச் சீடர்களோடு, மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் சோல் பாடல்களுக்கு அடித்தளமிட்ட டொனால்ட் டக் டன் அதில் பேஸ் வாசித்தார். ஊதுகருவிச் சாயம் எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நேர்ந்த கார் விபத்தில் மூவர் உயிரிழந்தனர். அவர் பலத்த காயத்தோடு தப்பினார். பின்னர் மேடையில் பெரும்பாலும் உயர்ந்த இருக்கையில் அமர்ந்தே பாடினார்.

பணத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். செஸ் சகோதரர்கள் கார் வாங்கித் தந்தார்கள், அவசரச் செலவுக்குக் கொடுத்தார்கள். அது உரிமைத்தொகையில் வரவு வைக்கப்பட்டது. கணக்கு யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. பண்ணைக் கணக்கின் நகர வடிவம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. 1964-இல் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றபோது மட்டி வாட்டர்ஸ் ஏணியில் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்ததாக ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். செஸ் குடும்பத்தார் அதை மறுத்தனர். மறுப்பே நம்பத்தக்கதாகத் தோன்றுகிறது. ஆயினும் உரிமைத்தொகை குறித்து அவரும் வில்லி டிக்சனும் 1970-களில் செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாயிருந்த ஆர்க் மியூசிக் பதிப்பகத்தின் மீது வழக்குத் தொடுத்தது உண்மை. அது சமரசத்தில் முடிந்தது.

இல்வாழ்வில் அவர் முன்மாதிரியல்லர். மணவாழ்வுக்கு வெளியே பல உறவுகள், பல பிள்ளைகள். மனைவி ஜெனீவா 1973-இல் புற்றுநோயில் இறந்த பின்னரே, அப்பிள்ளைகளில் சிலரைத் தன்னோடு அழைத்து, சிகாகோவின் புறநகரான வெஸ்ட்மான்ட்டில் குடியேறினார்.

1977-இல் ஜானி வின்டர் என்ற டெக்சஸ் கிட்டார் கலைஞர் தயாரித்த 'ஹார்ட் அகெய்ன்' வெளியானது. எல்லோரும் ஒரே அறையில் கூடி வாசித்த ஆல்பம் அது. முதல் பாடலில் வின்டர் உற்சாகம் தாளாமல் கூவுவதுகூடப் பதிவாகியிருக்கிறது. அறுபத்து மூன்று வயதுக்காரரின் குரல் என்று நம்புவது கடினம். அதிலும் அந்த 'ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைடு' உண்டு. 1941, 1948, 1977 ஆகிய மூன்று பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எது தூய்மையானது, எது கலப்படம் என்று பிரிக்கக் காதுக்கு முடியாது. இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது உட்பட அவர் பெற்ற கிராமி விருதுகள் ஆறு. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அழைப்பில் வெள்ளை மாளிகையிலும் பாடினார்.

1983 ஏப்ரல் 30 அன்று வெஸ்ட்மான்ட் வீட்டில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கல்லறையில் பிறந்த ஆண்டு, அவர் சொன்னபடியே, 1915 என்று செதுக்கப்பட்டிருக்கிறது. ஸ்டோவால் பண்ணைக் குடிசை பிரித்தெடுக்கப்பட்டு, இப்போது கிளார்க்ஸ்டேல் ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பழைய மரப்பலகை ஒன்றிலிருந்து ஸீஸீ டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் ஒரு கிட்டார் செய்வித்தார். உடலில் மிசிசிப்பி ஆற்றின் வளைவை வண்ணமாகத் தீட்டிய எலெக்ட்ரிக் கிட்டார் அது.