அய்யன்காளியும் கல்லுமாலையும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே உள்ள வெங்கானூரில், 1863 ஆகஸ்டு 28 அன்று, புலையர் சமூகத்தில் பிறந்தவர் அய்யன்காளி. திருவிதாங்கூர் அரசு அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்து அப்போது எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சட்டம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. புலையரும் பறையரும் பொதுச்சாலையில் நடக்க முடியாது, பள்ளியில் சேர முடியாது, நல்ல துணி உடுத்த முடியாது. இன்றைய குமரி மாவட்டமும் அப்போது அந்தத் திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஆகவே இது நமக்கு அயலூர்க் கதை அல்ல.

பெண்களுக்கு விதி இன்னும் கொடியது. மார்பை மறைக்க மேலாடை கூடாது. பொன் நகை கூடாது. அதற்குப் பதிலாகக் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளைக் கழுத்து நிறையச் சுமக்க வேண்டும். இதுவே கல்லுமாலை. பெயருக்கு அது நகை. உண்மையில், அணிந்தவள் இன்ன சாதி என்று எட்ட இருந்தே காட்டிக்கொடுக்கும் அடையாளம். இவள் வயலுக்கு உரியவள், இவளை யாரும் அதட்டலாம் என்பதே அதன் பொருள்.

உடையிலும் அணியிலும் ஒளிந்திருக்கும் அதிகாரத்தை அய்யன்காளி இளமையிலேயே புரிந்துகொண்டார். 1893இல் வில்லுவண்டி ஒன்றை வாங்கி, வெள்ளை வேட்டி உடுத்தி, தலைப்பாகை கட்டி, தடுக்கப்பட்ட சாலையில் ஓட்டிச் சென்றார். தாக்க வந்தவர்களை எதிர்த்து நின்றார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத அவர், நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டினார். 1912இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்தார். ஊருட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்ற சிறுமி பஞ்சமியைச் சேர்க்கவிடாமல் ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தனர்.

1915இல் கொல்லம் பகுதிப் பெண்கள் கல்லுமாலையைக் கழற்றி ரவிக்கை அணியத் தொடங்கினர். நிலவுடைமையாளர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் பெரிநாட்டில் நடந்த கூட்டம் தாக்கப்பட்டது. குடிசைகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அய்யன்காளி பின்வாங்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லம் நகரிலேயே பெருங்கூட்டம் கூட்டினார். சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமை வகித்தார். மாலைகளை இங்கேயே எறியலாம் என்று அய்யன்காளி அறிவித்ததும், கதிரறுக்கும் அரிவாளால் பெண்கள் தங்கள் கழுத்து மாலைகளை அறுத்தெறிந்தனர். கல்லுமாலைகள் மேடையருகே குவியலாகக் கிடந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அழைத்தவர் அய்யன்காளி. அறுத்த கைகள் பெண்களுடையவை. ஊர் திரும்பினால் அடி விழும், குடிசை எரியும் என்று அறிந்தே அறுத்தார்கள். 1927 டிசம்பரில் மகாடில் டாக்டர் அம்பேத்கரும் தலித் பெண்களிடம் இதையே வலியுறுத்தினார். சாதியைக் காட்டும் கனத்த வெள்ளி நகைகளை விடச் சொன்னார். சேலை கட்டும் முறையையும் மாற்றச் சொன்னார்.

தன் சமூகத்தில் பத்துப் பேரையாவது பட்டதாரிகளாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அய்யன்காளியின் ஆசை. 1937இல் வெங்கானூருக்கு வந்த காந்தியிடமும் அதையே சொன்னார். 1941 ஜூன் 18 அன்று மறைந்தார்.

இன்று நம் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை இல்லை. ஆனால் பெண்ணின் உடல் எப்படி இருக்க வேண்டும் என்று பிறர் விதிப்பது நிற்கவில்லை. மணமகள் தேவை விளம்பரம் நிறம் கேட்கிறது. முகப்பூச்சுக்காரன் கறுப்பை நோய் என்று சொல்லி விற்கிறான். சேரிப் பெண் எளிமையாக உடுத்தினால் கேலி, நன்றாக உடுத்தினால் திமிர் என்ற பேச்சு. நம் வீட்டு ஆண்களும் இதற்கு விலக்கல்ல. தங்கையின் முடியையும் துப்பட்டாவையும் அளந்து பார்க்கும் அண்ணன், அய்யன்காளி படத்துக்கு மாலை போடுவதில் பொருளில்லை.

பொட்டு வைப்பதும் வைக்காததும், முடியை வளர்ப்பதும் வெட்டுவதும் அந்தப் பெண்ணின் விருப்பம். கல்லுமாலைக்குப் பதிலாகப் பொன்மாலையைக் கட்டாயமாக்க 1915இல் அவர்கள் போராடவில்லை. தன் கழுத்தில் எது இருக்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைக்காகப் போராடினார்கள். கல்லூரிக்குப் போகும் நம் மாணவிகள் அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும். மாணவர்கள் அதைவிடக் கட்டாயமாகப் படிக்க வேண்டும்.