தாயின் உடல் கருவை ஏன் விரட்டுவதில்லை? 1953-ல் கேட்டவர் பீட்டர் மெடவார்

கரு கலைந்துவிட்டால், அந்தப் பெண்ணின் உடம்பு ஏத்துக்கலையாம் என்று உறவினர்கள் பேசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். திருவனந்தபுரம் ஆரியசாலையில் இருந்தாலும் சரி, சென்னையில் இருந்தாலும் சரி. ஆனால் அறிவியலுக்குப் புதிராக இருந்தது இதற்கு நேர் எதிரான விஷயம்: உடம்பு எப்படி ஏற்றுக்கொள்கிறது? கருவின் மரபணுவில் பாதி அப்பாவுடையது, அதாவது அம்மாவின் உடலுக்கு அந்நியம்.

இதைக் கேள்வியாக முன்வைத்த மெடவார் 1915-ல் பிரேசிலில் பிறந்தவர். அப்பா லெபனானைச் சேர்ந்தவர், அம்மா ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் விலங்கியல் படித்தார். இரண்டாம் உலகப்போரில் அவர் வீட்டருகே ஒரு போர் விமானம் விழுந்தது. தீக்காயம்பட்ட விமானிக்கு அடுத்தவர் தோலை ஒட்டவைக்க ஏன் முடியாது என்று யோசிக்க ஆரம்பித்தார். கிளாஸ்கோவில் ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை வைத்துப் பார்த்தார்கள். உதிர்ந்தது. மறுபடி வைத்தபோது இன்னும் வேகமாக உதிர்ந்தது. எதிர்ப்பு சக்திக்கு ஞாபகம் இருக்கிறது என்று புரிந்தது.

1953-ல், பிறப்பதற்கு முன்பே அந்நிய செல்களைச் செலுத்திய எலிகள், வளர்ந்தபின் அதே அந்நியத் தோலை ஏற்பதைக் காட்டினார். அதற்குத்தான் 1960-ல் பர்னெட்டுடன் நோபல் பரிசு.

கர்ப்பம் பற்றிய கட்டுரையும் அதே 1953-ல்தான். அதில் மூன்று விடைகளை யோசித்தார்: நஞ்சுக்கொடி சுவராக இருக்கலாம், கருவின் அடையாளம் முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்பு மந்தமாகலாம். மூன்றுமே முழுசாகச் சரியில்லை. என் கணக்கில், கேள்விதான் அவருடைய பெரிய பங்களிப்பு.

இன்று தெரிவது இது. கருப்பைச் சுவருக்குள் நுழையும் நஞ்சுக்கொடி செல்கள், ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும் எச்.எல்.ஏ.-ஏ, பி மூலக்கூறுகளைக் காட்டுவதில்லை. எச்.எல்.ஏ.-ஜி, சி ஆகியவற்றைக் காட்டுகின்றன. ஜி எல்லோரிடமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சி மாறும். அதைப் படிக்கும் தாயின் கே.ஐ.ஆர். ஏற்பிகளும் மாறும். சில ஜோடிகள் சேரும்போது கருப்பை ரத்தக்குழாய்கள் போதுமான அளவு விரியாமல், கர்ப்பகால ரத்த அழுத்த நோயான ப்ரீஎக்ளாம்ப்சியாவின் ஆபத்து கூடுகிறது. கவனியுங்கள், இதில் அப்பாவின் மரபணுவுக்கும் பங்கு உண்டு.

1969-ல் பக்கவாதம் தாக்கியபிறகும் எழுதிக்கொண்டே இருந்த மெடவார், 1987 அக்டோபர் 2-ல் இறந்தார்.

அதற்குள் அவருடைய கேள்வி சிகிச்சையாகவே மாறியிருந்தது: அடிக்கடி கரு கலையும் பெண்ணுக்குக் கணவரின் வெள்ளை அணுக்களை ஊசியாகப் போடுவது. 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஊசி போட்டுக் கர்ப்பமானவர்களில் 46 சதவீதம் பேருக்குத்தான் கரு நிலைத்தது. போடாதவர்களில் 65. ஆய்வுக்கு வெளியே இதைச் செய்வதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-ல் நிறுத்தியது. உங்களிடம் யாராவது இந்த ஊசியைப் பரிந்துரைத்தால், பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு எண்களைப் பற்றிக் கேளுங்கள்.